யாருக்கு விடுமுறை?

வாசக சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா? பரீட்சைக் கேள்வி அல்ல, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் தினந்தோறும் எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறாரே ஒருவர், அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? அவர் உங்கள் மாமியாராக இருக்கலாம், தாயாராக இருக்கலாம், நீங்களேயாகவும் இருக்கலாம்.

சட்டென்று பதில் சொல்லிவிட்டீர்களானால் உங்களுக்கு என் நமஸ்காரம். இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம். எனக்கோ இந்தக் கேள்விக்கு விடை தெரிவதற்கு ரயில் ஏறி, பஸ் ஏறி, கடல் மட்டத்துக்குமேல் சுமார் 6,000 அடி உயரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்ற கோடையில் நடந்தது இது. பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை செய்கிறவளுக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. எப்படியோ கிடைத்தது. லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர், "போய்விட்டு வாருங்கள். ஆனால் வெறுங்கையோடு வரக்கூடாது. சின்ன மலையூர்களில் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். ஆக, லீவு பாதி, வேலை பாதி என்று ஆயிற்று.

நாங்கள் ஐந்து பேர். பாங்கில் வேலை பார்க்கும் என் கணவர், பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், நான், என் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். பையன் பிறந்தபோது, "மூணு மாசம் ஒத்தாசையா இருந்துட்டு வாரேன்" என்று திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அந்த மூன்று மாதம் பத்து வருஷமாகியும் இன்னும் முடிந்தபாடில்லை. நான் காரியாலயத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு வந்தாலும் சரி, பதினொரு மணிக்கு வந்தாலும் சரி, மேஜைமேல் எனக்கென்று மூடி வைத்த சாப்பாடு இருக்கும். இதை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் மட்டும் சொன்னதில்லை.

எந்த ஊருக்குப் போவது? "ஊட்டி!" என்றான் பையன். மே மாதத்து உதகமண்டலத்தில் மலர்களைவிட மனிதர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே குன்னூரில் இரண்டு நாள், கோத்தகிரியில் இரண்டு நாள் என்று தீர்மானமாயிற்று. சொந்தக் காரில் நீலகிரிக்குப் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2024 மே மாதத்தில் வந்தது. எங்களிடம் கார் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. மலையில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை என்பதால், பரண்மேல் தூங்கிக் கொண்டிருந்த எவர்சில்வர் கூஜாவுக்கு விமோசனம் பிறந்தது.

"ஓட்டல் வேண்டாம். சமையலறையோடு கூடிய வீடாகப் பார்" என்றார் என் கணவர். "அம்மா வெளியே சாப்பிடமாட்டாள். குழந்தைகளுக்கும் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அம்மா இருக்கும்போது நமக்கென்ன குறை?"

"ஆமாம், அத்தை இருக்கும்போது என்ன குறை?" என்று நானும் ஒத்துப் பாடினேன்.

அத்தை, "சரி" என்றார். அந்தச் "சரி"யைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. செல்போனில் டிக்கெட் பார்த்துக் கொண்டிருந்தேன்.

பிரயாணத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்திருந்தால் கல்யாணத்துக்குச் சீர் போகிறது என்றே எண்ணியிருப்பீர்கள். அரிசி மூன்று கிலோ, துவரம்பருப்பு, புளி, மிளகாய் வற்றல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாற்பது, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். குக்கர் ஒரு துணியில், மூடி ஒரு துணியில், வெயிட் ஒரு சின்னச் சுருக்குப் பையில் என்று அத்தை ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தக் குக்கர் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

பின்னால் நின்று தள்ளும் இஞ்சின்

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுதும் தூங்கி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் புறப்படுகிறது. இதில் இடம் பிடிப்பதற்கு வெகு நாள் முன்பே முனைய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், உதகமண்டலம் வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. மொத்தம் 46 கிலோமீட்டர். வழியில் 16 குகைகள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற செங்குத்தான வழி! சாதாரணத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் அல்லவா? அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த பட்டைகள் போட்டிருக்கிறார்கள். இஞ்சினுக்கு அடியிலுள்ள பல் சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. நம் ஊர் மாட்டு வண்டிகூட நம்மை முந்திவிடுமோ என்கிற மாதிரி வேகம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பாக்கு மரமும், பள்ளத்தாக்கும், பஞ்சுப் பொதி போன்ற மேகமும் போட்டி போடும்போது அவசரம் யாருக்கு?

"ஆச்சி, இஞ்சினைக் காணோமே?" என்று கேட்டாள் என் பெண். முன்பக்கம் எட்டிப் பார்த்து ஏமாந்து போயிருந்தாள்.

"அது பின்னால நின்னு தள்ளுது, ராசாத்தி. முன்னால இருக்கவங்க வேடிக்கை பாக்கலாம்லா?" என்றார் அத்தை.

அப்போது எல்லாரும் சிரித்தோம்.

ஹில்குரோவ் நிலையத்தில் இஞ்சின் தண்ணீர் குடித்தது. நாங்கள் டீ குடித்தோம். குரங்குகள் ஒரு மாமியின் வாழைப்பழச் சீப்பைக் குடும்பத்தோடு பங்கிட்டுக் கொண்டன. அத்தை மந்தாரை இலைகளில் இட்லியை எடுத்து வைத்து எல்லாருக்கும் நீட்டினார். பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பையன்களுக்கும் கொடுத்தார். "நீங்கள் சாப்பிட்டீர்களா, அத்தை?" என்று நான் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. நான் கறுப்பு மந்திகளைப் படம் பிடித்துக் கொண்டிருந்தேன்.

குக்கர் செய்த சதி

குன்னூரில் நாங்கள் பிடித்திருந்த வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தேயிலைத் தோட்டம். குழந்தைகள் வெளியே ஓடினார்கள். என் கணவர் போர்வைக்குள் புகுந்தார். அத்தை நேராகச் சமையலறைக்குள் போனார். ஐந்து நிமிஷம் கழித்து, "அய்யய்யோ!" என்று குரல் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், அத்தை குக்கர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூடிக்குள் பொருத்துகிற ரப்பர் வளையம், அதாவது காஸ்கெட், இல்லை!

"ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன் போலிருக்கே" என்றார்.

என் கணவர் கடைவீதிக்கு ஓடினார். கடையில் எல்லா அளவிலும் காஸ்கெட் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய குக்கரின் அளவைத் தவிர. "பாதகமில்லை, பாத்திரத்திலேயே வேக வைக்கலாம்" என்று பருப்பை அடுப்பில் ஏற்றினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி ஆயிற்று. பருப்பு மட்டும் மேட்டுப்பாளையத்தில் கிளம்பின அதே உறுதியோடு இருந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மலையில் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நம் ஊரில் நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூர் உயரத்தில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீயை எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. மலையூர்க் குடித்தனங்களில் குக்கருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று.

"குழந்தைகளுக்குப் பசிக்குமே!" என்றேன்.

"வெளிய எங்கயாச்சும் பாப்போமா?" என்றார் அத்தை. வெளியே சாப்பிடமாட்டார் என்று நாங்கள் சத்தியம் செய்த அதே அத்தை!

கீழ்க்குன்னூர்க் கடைத்தெருவில் ஒரு சின்ன மெஸ். ஆவி பறக்கும் சோறு. அன்று காலையில் தோட்டத்திலிருந்து வந்த காரட்டும் பீன்ஸும் போட்ட கூட்டு, பீட்ரூட் பொரியல், மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசம். குளிரில் அந்த ரசம் தொண்டையில் இறங்கும்போது உள்ளே ஒரு விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. அத்தை இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நல்லா வச்சிருக்கான்" என்று ஒரே ஒரு நற்சாட்சிப் பத்திரம் வழங்கினார்.

சாயங்காலம் வர்க்கி. நீலகிரிக்குப் போய் வர்க்கி சாப்பிடாமல் திரும்புவது திருநெல்வேலிக்குப் போய் அல்வா சாப்பிடாமல் திரும்புவதற்குச் சமானம். பார்த்தால் கரடுமுரடாக, யாரோ கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். அதன் அழகைக் கண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மைதா மாவைப் பிசைந்து, கொழுப்புத் தடவித் தடவி மடித்து, அடுக்கடுக்காக்கி, விறகு அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். கடித்தால் மொறுமொறு, டீயில் தோய்த்தால் வெண்ணெய். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு பேக்கரிக்காரர் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் அடுப்பைக் காட்டினார். பையன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். அத்தை அந்த அடுப்பின் அருகே வெகு நேரம் நின்றார். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நிற்கிறார் என எண்ணினேன். பிறகு பார்த்தால், நாலு வர்க்கியைத் தின்று முடித்திருந்தார்!

மறுநாள் 1874-ல் உண்டாக்கிய சிம்ஸ் பூங்காவைச் சுற்றினோம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி வந்த பச்சைக் கொழுந்து நாலைந்து கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் ஆகிறதாம். இலையை வாட்டி, நறுக்கி, காற்றுப்படப் பரப்பி, செம்பு நிறம் வந்ததும் சூட்டில் உலர்த்துகிறார்கள். "ஒரு டம்ளர் டீக்குள்ள இவ்வளவு பாடா!" என்று வியந்தார் அத்தை. அன்றைக்கும் சமையல் இல்லை. புளியோதரைத் தூக்கு மட்டும் காலியாகிக் கொண்டு வந்தது.

கோத்தகிரியில் ஒரு கேள்வி

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். நீலகிரிச் சரித்திரத்தில் கோத்தகிரிக்குத்தான் முதல் பக்கம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து, பக்கத்திலுள்ள கன்னேரிமுக்கில் பங்களா அமைத்தார். அது இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. சல்லிவன் காலத்தில்தான் உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகள் இந்த மலையில் வேரூன்றின. அதற்கு முன்பும் மலையில் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் பசி எடுத்தது. ராகியும் சாமையும் அவரையும் விளைவித்துச் சாப்பிட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சாப்பாட்டைத் தேடித்தான் நான் வந்திருந்தேன்.

என் கணவரோடு பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் படகர் இனத்தைச் சேர்ந்தவர். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியில் அவருடைய தாயார் இருக்கிறார். ஹட்டி என்றால் படகர் கிராமம். வரிசையாக, ஒன்றோடொன்று தோள் சேர்த்துக் கட்டிய வீடுகள், எதிரே மைதானம், சுற்றிலும் தேயிலை. "எங்கள் அம்மா கையால் ஒரு வேளையாவது சாப்பிடாமல் திரும்பக் கூடாது" என்று நண்பர் கட்டளையிட்டிருந்தார்.

வாசலிலேயே அந்த அம்மாள் காத்திருந்தார். வெள்ளை முண்டும், வெள்ளைத் துண்டும், தலையில் வெள்ளைத் துணியும் அணிந்து, வாய் நிறையச் சிரிப்போடு நின்றார். அத்தையின் வயதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு, தம்மைவிட மூத்தவர் என்றதும் சட்டென்று தலை குனிந்து நின்றார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா. எங்களுக்குள்ள அதுதானுங்க வணக்கம்" என்றார் அந்த அம்மாள். அத்தை அவருடைய தலைமேல் கை வைத்தார். கையை எடுக்கும்போது அத்தையின் கண் கலங்கியிருந்தது. அத்தையிடம் யாராவது ஆசீர்வாதம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ!

உள்ளே போனோம். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, குறித்துக் கொள்ளுங்கள். அவர்கள் குழம்பை "உதக்க" என்கிறார்கள். அவரை உதக்க அந்த வீட்டில் செய்த விதம் இது: காய்ந்த அவரைக் கொட்டையை முதல் நாள் இரவே ஊற வைத்து, மறுநாள் குக்கரில் வேக வைக்கிறார். (அங்கே காஸ்கெட் இருந்தது!) வெங்காயமும் பூண்டும் வதக்கி, பெரிய பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கைப் போட்டு, வீட்டிலேயே வறுத்து அரைத்த மசாலாப் பொடியைத் தூவி, வெந்த அவரையைச் சேர்த்துக் கொதிக்க விட்டு இறக்குகிறார். தேங்காய் கிடையாது, புளியும் கிடையாது. இதற்குத் துணை, ஆவி பறக்கும் ராகிக் களி.

"பொடி எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டேன்.

"ஸ்பூனுங்களா? கைக்குத் தெரியுமுங்க" என்று சிரித்தார்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்று அத்தையும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரும் அதற்குள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

அத்தை எழுந்து, "நான் எடுத்து வைக்கேன், நீங்க எல்லாரும் உக்காருங்க" என்றார். பழக்க தோஷம். அந்த அம்மாள் அத்தையின் தோளைப் பிடித்து அழுத்தி, முதல் ஆளாக உட்கார வைத்தார். தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்து நெய்யை விட்டு, சுற்றிலும் உதக்கவை ஊற்றினார். எங்களுக்கும் பரிமாறினார். ஏதோ கீரை, மோர், கடைசியில் தித்திப்பான துப்பதிட்டு. "துப்ப" என்றால் அவர்கள் பாஷையில் நெய். "இட்டு" என்பது மாவுப் பண்டம். உப்பிய பூரி மாதிரி இருந்தது; என் பெண் ஐந்து தின்றாள்.

மறு பரிமாறல் வந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் என்னைப் பார்த்து மிகச் சாதாரணமாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க அத்தைக்கு எதுங்க ரொம்பப் பிடிக்கும்? சொல்லுங்க. அதையே இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. என் கணவரைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குப் புளிக்குழம்பு என்றால் உயிர்" என்றார் அவர்.

"அது உங்கப்பாவுக்குல்லா உயிரு" என்றார் அத்தை.

"சொதி!" என்றேன் நான், வெற்றியோடு.

"சொதி உனக்குப் பிடிக்கும்மா. அதான் மாசம் ரெண்டு தடவை வைக்கேன்."

"தோசை!" என்று கத்தினான் பையன்.

"அது உனக்குல்ல, ராசா!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். எனக்கு மட்டும் களி தொண்டையில் இறங்கவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் அந்த அம்மாள் விடாமல்.

அத்தை யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். ஒரு பெண்மணிக்குத் தனக்குப் பிடித்தது என்ன என்று நினைவுபடுத்திக் கொள்ள அவ்வளவு நேரம் பிடித்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"எனக்கா? இன்னது உன்னதுன்னு இல்ல. சூடா இருந்தா எதுவும் பிடிக்கும். அதையும் யாராச்சும் எடுத்து வச்சா" என்றார்.

அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு களி உருண்டையை எடுத்து அத்தையின் தட்டில் வைத்தார், நெய்யை விட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். அடுப்படியில் காலம் கழித்த இரண்டு பெண்களுக்கு ஒருவரையொருவர் புரிந்து கொள்ளப் பாஷை தேவையில்லை என்று தெரிந்தது.

சகோதரிகளே, நான் பத்திரிகைக்காரி. கேள்வி கேட்பதுதான் என் தொழில். மந்திரிகளைக் கேட்டிருக்கிறேன், பாடகிகளைக் கேட்டிருக்கிறேன், "உங்களுக்குப் பிடித்த உணவு எது?" என்று சினிமா நட்சத்திரங்களை எத்தனையோ தடவை கேட்டு அச்சில் போட்டிருக்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் இருப்பவரைப் பத்து வருஷமாக ஒரு தடவை கேட்கவில்லை. காலையில் எங்கள் நால்வரையும் அனுப்பிவிட்டு, ஆறின இட்லியை நின்றபடியே அவர் சாப்பிடுவார். இரவில் கடைசி ஆள் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருப்பதைப் பார்த்துத் தம் பசியைத் தீர்மானிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. தினமும் பார்த்ததுதான். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போய்விட்டது. அவர் பின்னால் நின்று தள்ளினார். நான் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

அன்று இரவு அத்தையின் பக்கத்தில் படுத்திருந்தபோது, "என்னை மன்னித்து விடுங்கள், அத்தை" என்றேன்.

"எதுக்கு?"

"உங்களுக்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேனே!"

"எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்? பேசாமத் தூங்கு. குளிருது" என்று கம்பளியை எனக்கும் சேர்த்து இழுத்து விட்டார்.

அடுத்த நாள் கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். மேகம் விலகி, கீழே சமவெளி படம் போல் விரிந்தபோது குழந்தைகள் ஆர்ப்பரித்தார்கள். அத்தை மட்டும் தனியே நடந்து போய், மடியிலிருந்து பணத்தை எடுத்து, சுட்ட மக்காச்சோளம் ஒன்று வாங்கினார். ஒன்றே ஒன்று! யாருக்கும் நீட்டவில்லை. கல்மேல் உட்கார்ந்து, ஊதி ஊதி, முழுவதையும் தாமே தின்று முடித்தார். நான் எடுத்த அறுநூறு சொச்சம் படங்களில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

ஆணியில் தொங்கிய உண்மை

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, ரயில் ஏறிச் சென்னைக்குத் திரும்பினோம். மூன்று கிலோ அரிசியும் போன படியே பத்திரமாகத் திரும்பி வந்தது. கூடவே மலைப்பூண்டு, தேயிலைத் தூள், இரண்டு பை வர்க்கி.

வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் பக்கத்து ஆணியில் குக்கர் காஸ்கெட் தொங்கிக் கொண்டிருந்தது!

எனக்குள்ளிருந்த பத்திரிகைக்காரி விழித்துக் கொண்டாள். எங்கள் வீட்டில் காஸ்கெட் எப்போதும் மூடியிலேயே இருக்கும். கழுவினால் துடைத்து உடனே மாட்டிவிடுவார் அத்தை. அது ஆணியில் தொங்கி நான் பார்த்ததே இல்லை. குக்கரை ஒரு துணியிலும், மூடியை ஒரு துணியிலும், வெயிட்டைச் சுருக்குப் பையிலும் அத்தனை ஜாக்கிரதையாகக் கட்டி வைத்தவர், இதை மட்டும் எப்படி மறந்தார்?

"அத்தை! காஸ்கெட் இங்கே ஆணியில் இருக்கிறதே?" என்றேன்.

"அப்படியா? வயசாகுதுல்லா, மறந்துருப்பேன்" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக் கொண்டார். முகம் தெரியவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. அது அழுகை அல்ல என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையல் என்னுடையது. காய் நறுக்குவது என் கணவர். தட்டு வைப்பது குழந்தைகள். முதல் தட்டு அத்தைக்கு. அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்பது சட்டம். முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை உதக்க செய்தேன். கைக்குத் தெரியும் என்று அந்த அம்மாள் சொன்னாரே. என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. உருளைக்கிழங்கு குழைந்து கூழாகிவிட்டது. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். பையன் தண்ணீரைத் தேடினான்.

அத்தை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்.

"எப்படி இருக்கிறது, அத்தை?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கூடத்தான். ஆனா சூடா இருக்கு" என்றார்.